நாய்களுக்காக நாற்பது பேர்

சனிக்கிழமைக்குள் நாற்பது கையெழுத்து வேண்டும். வியாழன் மாலைவரை நவரட்ணத்தின் தாளில் இருந்தது ஒன்று. அதுவும் அவருடையது.

கனடாவில், ஒஷாவா நகருக்கு அப்பால் நாய்ப் பந்தயத் திடல் ஒன்று திறக்கப்போகிறார்களாம். மோர்னிங்சைட் மோலில் மடிப்பு மேசை போட்டு அதை எதிர்த்துக்கொண்டிருந்தவர் மிஸிஸ் ஹார்வி என்ற வெள்ளைக்கார அம்மா. தன் சங்கத்தில் முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றார். மேசையில் ஒரு கிரேஹவுண்ட் நாயின் படம். வாய்க்குக் கம்பிக்கூடு, காதுக்குள் பச்சை குத்திய இலக்கம். நாளுக்கு இருபது மணித்தியாலம் பெட்டிக்குள் கிடக்குமாம். ஓடுவதற்கு மட்டும் கதவு திறக்கும். கால் முறிந்தால் அத்தோடு சரி.

நவரட்ணம் கார் பார்க் ஒன்றின் கண்ணாடிக் கூட்டுக்குள் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கிறவர். அந்தப் படத்தை விட்டு அவரால் நகர முடியவில்லை. மிஸிஸ் ஹார்வி அவருடைய பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லியும் பார்த்தார். மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த மூன்று வருசத்தில், அவருடைய பெயரைச் சரியாகச் சொல்ல முயன்ற முதல் ஆள். "நாற்பது பேரா? பிரச்சினையே இல்லை" என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுவிட்டார்.

மேல்மாடிச் சிவபாதத்தின் கதவைத் தட்டினார்.

"என்னண்ணை, நாய் ஓடக்கூடாதோ?"

"ஓடலாம். பந்தயத்துக்கெண்டு சாகடிக்கக்கூடாது."

"நானும் ரெண்டு வேலைக்கு ஓடுறன். எனக்காக ஆரும் கையெழுத்து வாங்கினவையே?"

கதவு சாத்திக்கொண்டது.

வெள்ளி மாலை நவரட்ணம் மூன்று நிறப் பேனாக்களோடு உட்கார்ந்தார். தமிழில் எழுதினால் யாருக்கு விளங்கப்போகிறது? மனைவி, அவளுடைய மூன்று சகோதரிகள், பழைய போஸ்ட்மாஸ்டர், முடிவெட்டுகிறவர். முப்பதைத் தாண்டியபோது உயிரோடு இருப்பவர்கள் முடிந்துபோனார்கள். செத்தவர்களைப் பிடித்தார். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது அந்த ஆளோடு கொஞ்ச நேரம் கதைத்ததுபோல இருந்தது.

சனிக்கிழமை மிஸிஸ் ஹார்வி பெயர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கண் கலங்கியது.

"உங்களுக்கு இவ்வளவு நண்பர்களா! புதன்கிழமை நகரசபைக்கு எல்லாரையும் கூட்டிவாருங்கள்."

"எல்லாருக்கும் காய்ச்சல்" என்றார் நவரட்ணம்.

திங்கட்கிழமை மிஸிஸ் ஹார்வி நான்கு பானை சூப்போடு வந்து நின்றார். வீடு வீடாகத் தானே கொடுக்கப்போகிறாராம். தொற்றிவிடும் என்று கெஞ்சித் தடுத்து, பானைகளை வாங்கிவைத்தார் நவரட்ணம். நாற்பது பேரின் சூப்பை மூன்று நேரமும் தனியே குடித்தார்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது. மிஸிஸ் ஹார்விதான். "கனகம்மாவுக்கு இப்போது எப்படி?"

கனகம்மா மாமி காலமாகி இருபது வருசம்.

"இன்றைக்குக் கொஞ்சம் எழும்பி நடந்தார்" என்றார்.

புதன்கிழமை நகரசபையில் அவர்கள் இரண்டு பேர்தான் நின்றார்கள். தன் ஆட்கள் எல்லாரும் புளோரிடா போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு மிஸிஸ் ஹார்வி சுவரோர மர வாங்கில் உட்கார்ந்தார். இருவரின் தாள்களும் சேர்ந்த மனுக்கட்டை நவரட்ணம் கொண்டுபோய்க் கொடுத்தார். யன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் 'துர்க்கா' என்று பெயர்ப்பட்டி. தமிழ்ப் பிள்ளை.

அவள் தாள்களைப் புரட்டி, மெல்லத் தமிழில் கேட்டாள்: "அங்கிள், என்னெண்டு நாப்பது பேரும் ஒரே மாதிரிச் சுழி போட்டு எழுதியிருக்கினம்?"

"பிள்ளை, பிழைதான். என்னைப் பிடிச்சுக் குடு. ஆனா அந்த மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதை. அவவை விட்டா எனக்குக் கதைக்க இஞ்ச ஒருத்தரும் இல்லை."

துர்க்கா வாங்கின் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"உங்களைப் பிடிச்சா அவவையும் பிடிக்கவேணும், அங்கிள். அவவின்ர முந்நூறும் ஒரே கைதான்."