ஏழாவது மொழியில் விடுபட்ட சொல்

ஏழு மொழிகள் பேசுகிற நாடு ஒன்று இருந்தது. அதற்கு எழுநாடு என்று பெயர். மகிழ்கோ என்ற மன்னர் அதை ஆண்டுவந்தார். யானை, சேனை, பல்லக்கு, இணையதளம் என்று ஒரு மன்னருக்கு வேண்டிய எல்லாமே அவரிடம் இருந்தன. முதல் மூன்றும் தாத்தா விட்டுப்போன சொத்து. இணையதளம் மட்டும் அவரே கட்டியது. அதனால் அதன்மேல் அவருக்குப் பெற்ற பிள்ளையின் பாசம்.

வரி கட்டுவது, அரிசி கேட்பது, குறை சொல்வது, வாக்களிப்பது எல்லாம் இனி தளத்தில்தான் என்று முரசறைந்தார்கள். முகப்பில் ஏழு மொழிகளின் பெயர்களும் வரிசையாக நின்றன. உங்கள் மொழியைத் தொட்டால் போதும், அரசாங்கம் உங்கள் மொழியிலேயே பேசும். ஆறு மொழிகளில் பேசவும் செய்தது. ஏழாவதான கரைமொழியைத் தொட்டால் மட்டும் வெள்ளைத் திரையில் 'இங்கே உரை வரும்' என்ற ஒரு வரி அவைமொழியில் தெரிந்தது. அவைமொழி என்பது அரண்மனையில் பேசுவது. கரைமொழிக்காரர்களுக்கு அதன் எழுத்தே தெரியாது. படித்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "வரும்னு போட்டிருக்கு" என்றார் அவர். அவர்களும் ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள்.

அப்புறம் ஒருநாள் அயல்நாட்டுத் தூதர் ஒருவர் விளையாட்டாக ஏழாவது பெயரைத் தொட்டுவிட்டார். மன்னரின் முகம் சுருங்கியது. மறுநாளே அரண்மனையில் புதிய பதவி ஒன்று உண்டானது: விடுபட்டவை ஆய்வாளர். அதில் மருக்கொழுந்து என்ற பெண்ணை உட்காரவைத்தார்கள். கணக்கர் பிரிவில் இருந்தவள் அவள். அரண்மனைச் சம்பளம் வாங்குகிறவர்களில் கரைமொழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதையும் அவள் இத்தனை வருடமாக வெளியே சொல்லாமல் வைத்திருந்தாள். ஊரில் இருக்கும் அண்ணனோடு செல்போனில் பேசும்போது எவனோ ஒட்டுக்கேட்டுப் போட்டுக்கொடுத்துவிட்டான்.

மருக்கொழுந்து முதலில் மொழிபெயர்த்தவர்களைச் சந்தேகப்பட்டாள். பாவம், அவர்கள் ஒரு சொல் விடாமல் அழகாகவே செய்து கொடுத்திருந்தார்கள். அடுத்து கணினிகளைச் சந்தேகப்பட்டாள். பழைய பக்கங்களை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிப் பார்த்தாள். அதே வெள்ளைத் திரை. பிறகு பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மன்னரின் வாழ்க்கை வரலாறு கரைமொழியில் ஜோராகத் திறந்தது. மன்னரின் குதிரைகளின் வரலாறும் திறந்தது. குடிமக்களிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்கிற பக்கங்கள் மட்டும்தான் வெறுமையாக நின்றன.

அந்தப் பக்கங்கள் எல்லாவற்றிலும் விடுபட்டிருந்தது ஒரே ஒரு சொல். 'ஒவ்வா.' இல்லை, முடியாது, சம்மதமில்லை என்பதற்கெல்லாம் கரைமொழியில் அந்த ஒரு சொல்தான்.

அது எப்படி விடுபட்டது என்பதற்கும் காரணம் இருந்தது. தளத்தில் ஏறும் ஒவ்வொரு சொல்லையும் சபையில் வாசிக்க வேண்டும். மன்னர் தலை அசைந்தால் எழுத்தர் முத்திரை குத்துவார். முத்திரை விழாத சொல் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கம் திறக்காது. ஆனால் மன்னரின் காதுபட மறுப்புச் சொல்லை உச்சரிக்கக் கூடாது என்பது அந்தச் சபையின் பழைய மரபு. வாசித்தவர் அந்த இடம் வந்ததும் இருமிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருந்தார். மற்ற ஆறு மொழிகளையும் வாசித்தபோது மன்னர் வேட்டைக்குப் போயிருந்தார். அரியணையில் அவருடைய தலைப்பாகையை வைத்து வாசித்தார்கள். தலைப்பாகை எதையும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருக்கொழுந்து அந்தச் சொல்லை மட்டும் உச்சரிக்காமல் இதைத் தலைமை அமைச்சர் திருவோலக்கநம்பியிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அம்மையே, கரைமொழியிலிருந்து இதுவரை எத்தனை குறைகள் வந்துள்ளன?"

"ஒன்றுகூட இல்லை ஐயா. குறை சொல்லும் பக்கமே திறக்கவில்லை. அதைத்தான்..."

"ஒன்றுகூட இல்லை!" அமைச்சர் கண்ணைத் திறந்தார். "மௌனம் சம்மதத்தின் அறிகுறி. நாட்டிலேயே நிறைவாக வாழும் மக்கள் அவர்கள்தாம். இதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்."

அந்த வாரமே கரைமொழிக்கு 'மகிழ்மொழி' என்ற விருது வழங்கப்பட்டது. விருதை வாங்கிக்கொள்ள வரும்படி அழைப்பு தளத்தில் வெளியானது. வர இயலுமா என்று அதில் ஒரு கேள்வி இருந்ததால் கரைமொழியில் அழைப்பு திறக்கவில்லை. விருதை அமைச்சரே வாங்கித் தம் அறையில் மாட்டிக்கொண்டார்.

ஆனாலும் வெள்ளைத் திரை அரசுக்கு அழகல்ல. அமைச்சர் யோசித்து இரண்டாம் ஆணையைப் பிறப்பித்தார். ஒரு சொல்லால்தானே பக்கம் திறக்கவில்லை? அந்தச் சொல் கரைமொழிக்கு வேண்டாம். அதற்கான பொத்தானை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் திறந்துகொள்ளும். திறந்தும் கொண்டது. மருக்கொழுந்துவுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

அறுவடை முடிந்த சமயத்தில் கூழாங்கரையிலிருந்து அவள் அண்ணன் சடையாண்டி கூப்பிட்டான்.

"கொழுந்து, தளம் தொறந்துருச்சும்மா. நீதான் செஞ்சியாமே."

"ஆமாண்ணே. எப்படி இருக்கு?"

"எப்படி இருக்குன்னா... வூட்ல அரிசி இருக்கான்னு கேட்டுச்சு. கீழ 'ஆமா'ன்னு ஒரே பொத்தான். அத அமுக்காம அடுத்த பக்கம் போகமாட்டேங்குது. அமுக்குனேன். இருக்குறவனுக்கு எதுக்குடா அரிசின்னு நிறுத்திப்புட்டாங்க. அப்புறம், மாடு செத்துப்போச்சான்னு கேட்டுச்சு. அதுக்கும் ஆமா. பால் காசு நின்னுபோச்சு. மாடு இங்க என்னையே பாத்துக்கிட்டு அசைபோடுது."

மருக்கொழுந்து சிரிக்கப் போனாள், முடியவில்லை. பக்கம் திறக்காமல் கிடந்த காலத்தில் பழைய பதிவேட்டின்படி அண்ணன் வீட்டுக்கு அரிசியாவது வந்துகொண்டிருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டதே, அதுவும் தன் கையால் வெட்டிய கிணறு என்று நினைத்தாள். பாராட்டுப் பத்திரத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசைக்குள் போட்டாள்.

அரண்மனையிலோ கரைமொழியின் புகழ் ஓங்கிக்கொண்டிருந்தது. எதைக் கேட்டாலும் ஆம் என்கிறார்கள்! மற்ற ஆறு மொழிக்காரர்கள் எடுத்ததற்கெல்லாம் இல்லை இல்லை என்று எரிச்சலூட்டுகிறார்கள். "ஒரு மொழியினருக்கு வாய்த்த நற்பண்பு மற்றவருக்கு மறுக்கப்படுவது அநீதி" என்றார் திருவோலக்கநம்பி. மூன்றாம் ஆணை வந்தது. மொழிச் சமத்துவத்தை முன்னிட்டு ஆறு மொழிகளிலிருந்தும் மறுப்புப் பொத்தான் நீக்கப்பட்டது. அதன்பின் எழுநாட்டில் அரிசி இல்லாத வீடே இல்லை, திரையில்.

அந்த நேரத்தில்தான் மன்னருக்கு ஏரி ஆசை வந்தது. கூழாங்கரைக் குன்றின்மேல் அவருடைய சிலை ஒன்று நின்றது. நல்ல சிலைதான். ஆனால் பிம்பம் விழ எதிரே தண்ணீர் இல்லை. ஊர் இருக்கும் பள்ளத்தில் நீரை நிரப்பினால் சிலை இரண்டாகத் தெரியும். நிரம்பும்வரை ஏழு மொழி நிலங்களின் வாய்க்கால்களையும் அடைத்துத் தண்ணீரை அங்கே திருப்ப வேண்டியிருக்கும். இவ்வளவு பெரிய காரியத்துக்கு மக்களின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொன்னது. மன்னர் சட்டத்தை மிகவும் மதிப்பவர். பொது வாக்கெடுப்புக்கு நாள் குறித்தார்கள்.

சடையாண்டி மறுபடி கூப்பிட்டான். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

"ஊரே போகுதாமே கொழுந்து. நான் எங்கம்மா போவேன்? ஒவ்வான்னு சொல்ல ஒரு எடம் கூடவா அரமனைல இல்ல?"

போனை வைத்துவிட்டுத் தளம் கட்டப்பட்ட விதத்தைத் திறந்து பார்த்தாள். பொத்தான்களை எடுத்தார்களே தவிர, பொத்தான் இருந்த இடத்தை எவரும் அடைக்கவில்லை. ஆறு மொழிகளில் அந்த இடத்துக்கான சொல்லை அழித்திருந்தார்கள். கரைமொழியில் அழிக்க எதுவும் இருக்கவில்லை. சொல் இன்னும் ஒப்புதலுக்குக் காத்துத்தான் கிடந்தது. முத்திரை விழுந்தால் அது தானே பொத்தானாகித் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தளத்தை அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முன்பு, நிலுவையில் இருக்கும் கரைமொழிச் சொற்களைச் சபையில் வாசிக்க அவள் அனுமதி கேட்டாள். மகிழ்மொழியாயிற்றே, உடனே கிடைத்தது. விருந்து முடிந்த பிற்பகலைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்தர் முத்திரையோடு உட்கார்ந்தார். மருக்கொழுந்து மீன் வகைகளிலிருந்து ஆரம்பித்தாள். கெண்டைக்கு ஒரு சொல், கெளுத்திக்கு ஒரு சொல், குஞ்சுக் கெளுத்திக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மன்னர் தலையசைத்தார். அப்புறம் வலை வகைகள், காற்றின் பெயர்கள். மன்னரின் இமை கனத்தது. இந்தச் சொல்லுக்காக வேலை போகலாம், தலையே போகலாம். தண்ணீருக்குள் மூழ்கும் வீட்டை ஒருமுறை நினைத்துக்கொண்டாள்.

"ஒவ்வா" என்றாள்.

மன்னரின் தலை பொத்தென்று மார்பில் விழுந்தது. எழுத்தர் முத்திரை குத்தினார்.

அரைத் தூக்கத்திலிருந்த அமைச்சர் கேட்டார்: "அது என்ன மீன்?"

"மீன் அல்ல ஐயா. ஆம் என்பதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல்."

"நல்லது, நல்லது" என்றார் அமைச்சர்.

வாக்கெடுப்புக்கு முன் தளத்தைச் சரிபார்த்தார்கள். வழக்கம்போல் அவைமொழியில் மட்டும் பார்த்தார்கள். ஒரே பொத்தான். எல்லாம் செம்மை.

கூழாங்கரையில் சடையாண்டிதான் முதலில் பார்த்தான். அவன் சந்தைக்குப் போய்ச் சொன்னான். சந்தையில் ஏழு மொழிக்காரர்களும் இருந்தார்கள். "ஏழாவது பேரத் தொடு, கீழ ரெண்டு பொத்தான் வரும், ரெண்டாவத அமுக்கு." இதைப் புரிந்துகொள்ளக் கரைமொழி படித்திருக்க வேண்டியதில்லை.

முடிவு வந்த அன்று சபை நிறைந்திருந்தது. விருந்து பலமாக நடந்திருந்தது. திருவோலக்கநம்பி திரையைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மன்னர் பெருமானே, பத்தில் ஒன்பது பேர் கரைமொழியில் வாக்களித்திருக்கிறார்கள்."

"ஒன்பது பேரா? அவ்வளவு பேர் அங்கே இருக்கிறார்களா?"

"படைவீட்டிலிருந்தும் கரைமொழியில் வந்திருக்கிறது பெருமானே. அரண்மனை மடைப்பள்ளியிலிருந்தும். அந்தப்புரத்திலிருந்தும்."

மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு விருது கொடுத்தோம், ஒரு மொழி எப்படித் தழைத்துவிட்டது பார்த்தீர்களா! என்ன சொல்லியிருக்கிறார்கள்?"

"ஒவ்வா என்று சொல்லியிருக்கிறார்கள்."

"கேட்க இனிமையாக இருக்கிறது. அவைமொழியில் அதற்கு என்ன?"

அமைச்சருக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. விளங்கி என்ன? மரபை எழுதிவைத்த குலத்தில் பிறந்தவர் அவர். மன்னரின் காதில் அந்தச் சொல்லை எப்படிப் போடுவார்? வேர்த்து வழிய மருக்கொழுந்துவைப் பார்த்தார். அவள் திரையைத் தொட்டுத் தேடினாள்.

"மன்னா, அவைமொழியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. 'இங்கே உரை வரும்' என்று போட்டிருக்கிறது."

"அப்படியா? வரட்டும்" என்றார் மகிழ்கோ. "வந்ததும் என்னை எழுப்புங்கள்."

கோட்டை வாசல் பக்கம் ஏதோ கூட்டத்தின் சத்தம் கேட்டது. விருந்தின் மயக்கத்தில் அது மன்னருக்குத் தாலாட்டாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவருடைய தலை மெல்ல மார்பில் சாய்ந்தது. எழுத்தர் பழக்கப்படி முத்திரையை எடுத்து, மக்கள் சொன்னதன்மேல் குத்தினார்.