குழாய்க்காரரும் வலுசர்ப்பமும்

கெட்டது எது நடந்தாலும் குழாய்க்காரருடைய ஆள்காட்டி விரல், சாத்தான் அங்கேதான் பதுங்கியிருப்பதுபோல், முதலில் கூரையைக் காட்டும். பிறகு மெல்ல இறங்கி, அறையில் இருக்கும் யாராவது ஒருவர் மேல் வந்து நிற்கும். அவர் வீட்டில் தங்கி வேலை தேடும் கொழுந்தியாள் பல வருடங்களாகக் கவனித்து வரும் பழக்கம் இது. அந்த விரல் ஒரு தடவைகூட அவர் பக்கமே திரும்பியதில்லை.

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். வலுசர்ப்ப நிபுணர், அதாவது வேதம் வலுசர்ப்பம் என்று சொல்லும் சாத்தானை எதிலும் கண்டுபிடித்துவிடுபவர். பஸ் தவறினால் சத்துருவின் தாக்குதல், பல் வலித்தால் தாக்குதல், ஜெபக்கூட்டத்தில் மைக் கீச்சிட்டால் நேரடித் தாக்குதல், சாப்பாட்டில் உப்பு கூடினால் மட்டும் மனைவியின் அவிசுவாசம். மற்றபடி தங்கமான மனிதர். குழாய் ரிப்பேர் வேலை.

கொழுந்தியாள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. நேர்முகத் தேர்வில் அவள் தேறாதபோதும் விரல் இறங்கியது.

"எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்குற பாரு, அதாம்மா வாசல். அது வழியாத்தான் அவன் உள்ள வர்றான்."

அன்றிலிருந்து அவள் கேள்வி கேட்பதை விட்டாள். கொஞ்ச நாளில் ஜெபிப்பதும் நின்றுபோனது. தன் விசுவாசம் உண்மையிலேயே போய்விட்டதோ என்ற பயத்தை யாரிடம் சொல்வாள்?

அடுத்த ஜெபக்கூட்டம் அவர் வீட்டில். அன்று வேதத்தில் வாசித்தது வெளிப்படுத்தின விசேஷம், ஸ்திரீயின் பின்னால் வலுசர்ப்பம் தன் வாயிலிருந்து வெள்ளத்தை ஊற்றிவிடும் இடம்.

"வெள்ளம்னா என்ன? சந்தேகம்!" விரல் கூரையிலிருந்து அவளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது சமையலறைக் கதவுக்கு அடியிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வந்தது.

"பாத்தீங்களா! தாக்குதல்!" நாற்காலி மேல் ஏறி நின்று தண்ணீரை அதட்டினார். தண்ணீர் கேட்கவில்லை.

"என்னங்க, மத்தியானம் நீங்க மாட்டுன குழாய்தான். இறுக்காமலே விட்டுட்டீங்க. ஸ்பேனர் இங்கயே கிடக்கு!" என்றாள் மனைவி உள்ளிருந்து.

"அவன்தான் என்னை மறக்க வெச்சான்!" விரல் மறுபடியும் கூரைக்குப் போய், மறுபடியும் இறங்கியது.

கொழுந்தியாள் நனைந்த காலோடு வேதத்தில் சில வரிகள் மேலே போய்ப் படித்தாள்.

"அத்தான், இதே அதிகாரத்துல வலுசர்ப்பத்தைப் பத்தி இன்னொண்ணு இருக்கு. சகோதரர் மேல ராப்பகலா குத்தம் சாட்டுறவனாம். கேள்வி கேக்குறவன்னு எங்கயும் இல்லையே?"

விரல் பாதி வழியில் நின்றது.

துடைப்பத்தோடு வந்த மனைவி, கூடத்து மூலையில் இருந்த சாக்கடை மூடியைத் தள்ளினாள். "பூமி வாயைத் திறந்து அந்த வெள்ளத்தை முழுங்குச்சுன்னும் இருக்குல்ல? இந்தா, முழுங்குது. எல்லாரும் காலைத் தூக்குங்க!"

கூட்டமே சிரித்தது. கடைசியாக அவரும் சிரித்துவிட்டு, இறங்கிப் போய்க் குழாயை இறுக்கினார். கூட்டம் கலைந்த பிறகு கொழுந்தியாள் வெகுநாள் கழித்து ஜெபித்தாள், ஒரு கேள்வியில் ஆரம்பித்து.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்ததா? 'அப்படியே எங்க பெரியப்பாதான்' என்று சொல்லிக்கொண்டீர்களா? அப்படியானால் உங்கள் விரலைக் கொஞ்சம் பாருங்கள், எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று.

அவரோ, மறுநாளே அவள் குளியலறைக் குழாய்க்குப் புது வாஷர் போட்டார். கேட்காமலே ஷவரையும் மாற்றினார். 'அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பும்மா' என்ற ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. அது இன்னும் வரவில்லை.