சிதறால் மலையில் நான் நடத்திய பாடம்

பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வரலாறு நடத்துகிறேன். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால் பாடம் ஓடாது என்பதால் பார்ப்பதே இல்லை. இந்தப் பழக்கத்தால் ஒருமுறை என் மாமனாரைக் கொல்லப் பார்த்தேன்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். மாமனார் கீரிப்பாறை எஸ்டேட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னிடம் அதிகம் பேசமாட்டார். படிப்பைக் காட்டி அவரை மடக்கிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் என் மனைவி லதாவையும் சிதறால் மலைக்குக் கூட்டிப்போனேன்.

லதா முன்னால் ஏறிப் போய்விட்டாள். பாதி வழியில் மாமா நின்றார்.

"மக்கா, கொஞ்சம் இருந்துட்டுப் போலாமா?"

"மேல போய் இருக்கலாம் மாமா. வெயில் ஏறிரும்."

மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். லதா சுனையைப் பார்க்கப் போக, நான் ஆரம்பித்தேன். சமணர் பள்ளியாக இருந்த மலை இது, எங்கிருந்தெல்லாமோ யாத்திரை வந்தவர்கள் சிற்பம் செய்து வைத்தார்கள், பிற்பாடு பகவதி கோயிலானது என்று அரை மணி நேரம் ஒன்றையும் விடவில்லை. வட்டெழுத்துக் கல்வெட்டை வாசித்தும் காட்டினேன். (எனக்கு வட்டெழுத்து தெரியாது. மனப்பாடம்.) மாமா பாறையில் சாய்ந்து, கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்திருந்தார். பக்தி என்று நினைத்தேன். சட்டை நனைந்திருந்தது. மலை ஏறினால் வியர்க்கும்தானே.

கடைசியில், உண்ணாமல் இருந்து உயிர்விடும் சமணத் துறவிகளின் நோன்புக்கு வந்தேன்.

மாமா கண்ணைத் திறக்காமல் கேட்டார். "அவியெல்லாம் இஞ்சதான் செத்தாங்களா?"

"இந்த மாதிரி மலையிலதான் மாமா."

"அப்பம் எனக்கும் ஒரு இடம் பாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வேடிக்கை அது. சிரித்து முடிப்பதற்குள் அவர் பாறையோடு சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார்.

லதா ஓடி வந்தாள். "அப்பாக்கு எப்பத்திலேருந்து இப்பிடி இருக்கு?"

"இப்பதான்" என்றேன்.

காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கினோம். நான் பிடித்த நாற்காலிக் கால் இரண்டு தடவை வழுக்கியது. (தூக்குவதிலும் நான் கெட்டிக்காரன் இல்லை.)

மார்த்தாண்டத்தில் டாக்டர் சொன்னார். "அரை மணி நேரம் முந்தி வந்திருந்தா இதயம் இவ்வளவு கெட்டிருக்காது."

லதா என்னைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து மாமாதான் பேசினார். "சட்டுன்னு வந்ததாக்கும் மக்ளே. அவன் என்ன செய்வான்?"

அதன்பின் ஏழு வருடம் இருந்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மருமவன் என்னைச் சாமியார்மாரு கூடச் சேத்துவிடப் பாத்தான். அவியதான் வேண்டாம்னுட்டாவ" என்பார். பாதி வழியில் உட்காரக் கேட்டதையும் அந்த அரை மணி நேரத்தையும் மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவர் இல்லை. வீட்டு விசேஷங்களில் லதா அவர் குரலிலேயே அந்தச் சாமியார் கதையைச் சொல்கிறாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். "எல்லாம் ஒரு நிமிசத்துல ஆயிட்டு" என்று அவள் சொல்லும்போது, ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.