வெறுங்கை டபுள்

“டபுள்!” என்றார் நீதிபதி.

“ரீடபுள்” என்றார் சம்பந்தி, பல் குத்திக்கொண்டே.

கிளப்பின் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டி, இறுதிச் சுற்று. டபுள் என்றால், ‘நீ ஏலம் கேட்ட அத்தனை பிடியை உன்னால் எடுக்க முடியாது’ என்று சவால் விடுவது. பலித்தால் எதிராளிக்கு இரட்டை அடி. பொய்த்தால் அடி நமக்கு. ரீடபுள் அதற்கும் மேல் ஒரு மடங்கு. எனவே, கையில் சரக்கு இருந்தால் மட்டும் டபுள் சொல்வது புத்திசாலிகள் வழக்கம். ஓய்வுபெற்ற நீதிபதியோ, சம்பந்தி மீசையைத் தடவினாலே சொல்லிவிடுவார். மகளைக் கொடுத்த வீடு அது. அந்த வரவேற்பறையில் போட்டிக் கோப்பை பல்லிளிப்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க அவரால் ஆகாது.

ரீடபுள் ஆட்டம் போயிற்று. அடுத்ததில் நிஜமாகவே துருப்பு ஐந்து வந்தது. டபுள் சொன்னார். சம்பந்தி சட்டென்று வேறு இனத்துக்குத் தாவிவிட்டார்.

இடைவேளையில் மனைவியை ஓரம் கட்டினார். ஆட்டத்தில் அவர்தான் ஜோடி.

“நம்ம கையை எவனோ படிக்கிறான். என் முகத்தைப் பாத்து எந்தக் கைதியும் தீர்ப்பைக் கண்டுபிடிச்சதில்ல. அப்ப உன் முகந்தான்.”

“உங்க சீட்டு எனக்கே தெரியாதே!”

“வாதாடாதே. கறுப்புக் கண்ணாடியைப் போடு.”

போட்டார். கண்ணாடிக்குள் சிவப்பும் கறுப்பும் ஒன்றாயின. ஸ்பேடுக்கு ஸ்பேடு போடாமல் ஹார்ட்டைப் போட்டார். அபராதம் இரண்டு பிடி.

நீதிபதி கண்ணாடியைப் பிடுங்கித் தாமே மாட்டிக்கொண்டார். சொந்தச் சீட்டே தெரியவில்லை. ஆனாலும் டபுள் சொன்னார்.

“ரீடபுள்” என்றார் சம்பந்தி.

நீதிபதி எழுந்தேவிட்டார்.

“நடுவரே! என் சீட்டை எதிராளிக்குக் காட்டிக் கொடுக்கறாங்க!”

“யாரு சார்?”

நீதிபதியின் கண் மனைவி பக்கம் போனது.

மனைவி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். “முப்பத்தெட்டு வருஷமா உங்க வீறாப்புக்கெல்லாம் கூட நின்னு அடி வாங்கினேன். இன்னிக்குத் திருட்டுப் பட்டமுமா? நீங்களே ஆடிக்குங்க. நான் மக வீட்டுக்குப் போறேன்.”

மகள் வீடு என்றால் சம்பந்தி வீடு. கோப்பை போகிற இடத்துக்கே மனைவியும் போகிறார். குடும்ப மானத்தைக் கப்பலேற்ற வெளியாள் எதற்கு, நீதிபதி ஒருவரே போதும் என்று நீதிபதிக்கே பட்டது. ஆனாலும் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது?

“சாட்சி உண்டா?” என்றார், பழக்க தோஷத்தில்.

நடுவர், நீதிபதியின் நாற்காலிக்குப் பின்னால் டீ கெட்டிலோடு நின்றிருந்த கேன்டீன்காரரைப் பார்த்தார். “நீங்க இங்கதான நின்னீங்க? அம்மா ஏதாவது சைகை காட்டினாங்களா?”

“ஐயையோ, அம்மா மேல பழி போடாதீங்க!” என்றார் அவர். “ஐயா கையில சீட்டு இருந்தா சாஞ்சு உக்காந்துதான் டபுள் சொல்லுவாங்க, ஒண்ணுமே இல்லாதப்ப மட்டுந்தாங்க முதுகை விறைப்பா நிமித்திக்குவாங்க!”