குதிரை அத்தியாயம்

"குதிரை எங்கே?" என்று கேட்டார் பேராசிரியர் ஹாஸ்கல்.

"எடுத்துட்டேன் சார். பிரென்டிஸ் மேடம் வேணாம்னாங்க" என்றாள் கோரா.

"ஓ" என்றார் ஹாஸ்கல். அவருடைய ஒரு "ஓ"வுக்கு ஒரு மாத வேலை என்று பொருள்.

கோரா, ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் படிக்கும் இறுதியாண்டு மாணவி. பழங்காலக் கிரேக்கர்கள் செத்துப்போன நாய்களுக்குக் கல்லறை எழுப்பி, அதில் கவிதை வெட்டி வைத்ததைப் பற்றி ஹானர்ஸ் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அது தேறினால்தான் மேற்படிப்புக்கு உதவித்தொகை. நாயோடு நின்றிருந்தால் கிறிஸ்துமஸுக்குள் முடித்திருப்பாள்.

வழிகாட்டியான ஹாஸ்கல்தான், "நாய் மட்டும்னா ரொம்ப ஒல்லியா இருக்கும். குதிரையையும் சேர்த்துக்க" என்றார். சேர்த்தாள். இரண்டாவது தேர்வாளர் பிரென்டிஸ் அம்மையார், "நாய் வீட்டுக்குள்ள படுக்குது, குதிரை லாயத்துல நிக்குது. ரெண்டையும் எதுக்கும்மா ஒண்ணாக் கட்டுற?" என்றார். நீக்கினாள். இப்போது இந்த "ஓ".

இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசிவிடலாம் என்று பார்த்தாள். ஹாஸ்கலுக்கு நேரமில்லை. "அவர் இருந்தா எனக்குத் தலைவலி வரும்" என்றார் அம்மையார்.

சரி என்று குதிரையை அடிக்குறிப்புக்கு இறக்கினாள்.

"குதிரையைக் கீழ கட்டிப்போட்டுப் பட்டினி போடுறியா?" என்றார் ஹாஸ்கல்.

"அடிக்குறிப்புல ஏதோ கனைக்குது. துரத்து" என்றார் பிரென்டிஸ்.

அறைத்தோழி பெக்கா பொருளாதாரம் படிப்பவள். கட்டிலில் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னாள். "அவருக்குக் குதிரையோட ஒண்ணு, அவங்களுக்குக் குதிரை இல்லாம ஒண்ணு. குடுத்துட்டு வேலையப் பாருடி."

"மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லன்னு நீதான புலம்புற."

கோரா இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் அவரவர் பெயர் எழுதி, துறைச் செயலாளர் டொலோரஸிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பாதி மாடிப்படி இறங்கியபோதுதான் வாய்மொழித் தேர்வு நினைவுக்கு வந்தது. அன்று இருவரும் ஒரே மேசையில் உட்காருவார்கள்.

நாலைந்து நாள் யோசித்துப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிப் பிரதிகளைத் திரும்ப வாங்கிவிடுவது என்று, தேர்வுக்கு முந்தின நாள் துணிந்து போனாள். டொலோரஸ் தொலைபேசியில் இருந்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "ரெண்டு பேரும் இப்பத்தான் வந்துட்டுப் போறாங்க" என்றார். பிரதிகள் கைமாறிவிட்டன என்று கோரா வந்த வழியே திரும்பினாள்.

மறுநாள் இருவரும் கையில் காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

ஹாஸ்கல் தொண்டையைச் செருமினார். "இதோட பலமே நாயோட நிறுத்திக்கிட்டதுதான். குதிரை வந்திருந்தா எல்லாம் கெட்டிருக்கும்."

கோரா நினைத்தாள்: பிரதி மாறிப் போய்விட்டது.

பிரென்டிஸ் அவரை வியப்போடு பார்த்தார். "எனக்கென்னவோ அந்தக் குதிரை அத்தியாயம்தான் உயிர்னு தோணுது."

கோரா வாயைத் திறந்தாள்.

"நீங்க சொல்றதும் சரிதான்" என்றார் ஹாஸ்கல் அவசரமாக.

"இல்லல்ல, நீங்க சொல்றதுதான் சரி" என்றார் பிரென்டிஸ், அதைவிட அவசரமாக.

கோரா வாயை மூடிக்கொண்டாள். மிக உயர்ந்த ஹானர்ஸ் கொடுத்தார்கள். கைகுலுக்கும்போது பிரென்டிஸ் அம்மையாரின் கண் கலங்கியிருந்ததுபோலக்கூட இருந்தது.

வெளியே வந்தவள் தாழ்வாரத்தில் சற்று நின்றாள். தன் எழுத்து இரண்டு பிடிவாதக்காரர்களின் மனதை மாற்றியிருக்கிறது. ஒருவர் குதிரையை விட்டுவிட்டார், ஒருவர் ஏற்றுக்கொண்டார். முதல்முறையாக, தனக்கு இந்தப் படிப்பு வரும் என்று நம்பினாள்.

நேராக டொலோரஸிடம் போனாள். "ரொம்ப நன்றி. நீங்க மட்டும் பிரதியை மாத்திக் குடுக்கலன்னா என் கதி என்ன ஆயிருக்குமோ."

"நான் எதை மாத்துனேன்?" என்றார் டொலோரஸ். "ரெண்டு பிரதியும் இங்கயேதான் கிடக்கு, யாரும் எடுத்துட்டுப் போகவே இல்ல. நேத்து வந்தவங்க, 'அந்த இன்னொருத்தருக்குக் குதிரை வேணுமா, வேணாமா'ன்னு மட்டும் ஆளுக்கொரு தடவை கேட்டுட்டுப் போயிட்டாங்க."