பனானா தூங்க மறுத்த நாள்

தனக்கே வராத வித்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் துணிச்சல் வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் வரும். எனக்கு அது மூட்டை மூட்டையாக வந்தது. நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

நீலகிரி மலையில் தேவாலாவில், தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கில ஆசிரியை நான். கோயமுத்தூரிலிருந்து போனவள் என்பதால் கொஞ்சம் மண்டைக்கனம் (கொஞ்சம் என்பது என் கணக்கு, என் வீட்டுக்காரர் கணக்கு வேறு). பெற்றோர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தாளாளருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மற்ற டீச்சர்கள் பாட்டு, கதை என்று பிழைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே! ஆங்கிலச் சொல்லில் எல்லா உயிரொலியும் நிமிர்ந்து நிற்காது என்று ஒரு வெள்ளைக்காரம்மா வீடியோவில் சொல்லியிருந்தார். 'பனானா'வில் நடு 'னா' மட்டும் முழித்திருக்கும். முன்னதும் பின்னதும் பாதி வாயில் முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதற்கு 'தூங்குற சத்தம்' என்று பெயர் வைத்தேன். சத்தம் தூங்கினால் பிள்ளைகள் டெஸ்க்கில் தலை சாய்க்க வேண்டும், முழித்தால் நிமிர வேண்டும். அந்த அம்மாவின் குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பழக்கினேன். பிள்ளைகள் பிய்த்து உதறினார்கள்.

பாடம் நடத்திக் காட்டும் அன்றைக்குப் பார்த்துப் பேய்மழை. கரண்ட் போய், ஸ்பீக்கரும் போனது. சரி, நானே சொல்கிறேன் என்று எழுந்தேன். முன்வரிசையில் தாளாளரைப் பார்த்ததும், கண்ணாடி முன்னால் நின்று பழகிய வெள்ளைக்கார உச்சரிப்பெல்லாம் பறந்துவிட்டது.

"பனானா!"

ஒரு தலையும் சாயவில்லை. மூன்று உயிரொலியும் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றன. "எலிஃபென்ட்!" என்றேன். அதுவும் அப்படியே. முதல் பெஞ்சு சாந்தி எழுந்தாள்.

"மிஸ், ஒண்ணுமே தூங்கலீங்க மிஸ்."

"நல்லா கேளுங்க கண்ணுங்களா" என்று பல்லைக் காட்டிவிட்டு, இன்னும் சத்தமாகக் கத்தினேன் (கத்தினால் எது தூங்கும்?). கடைசியில், சைகை காட்டுவதாக நினைத்து என் தலையை மேசைமேல் சாய்த்தேன். அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் பொத்தென்று படுத்துவிட்டது.

நான் உடனே எழுந்திருக்க வேண்டும். முடியவில்லை. எந்த முகத்தோடு எழுவது? அப்படியே கிடந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். சாந்தியின் அம்மா.

"ஏனுங்க டீச்சர், மேலுக்கு முடியலீங்களா? சுடுதண்ணி கொண்டாரட்டுங்களா?"

மகள் இங்கிலீஷ் பேசுவதைப் பார்க்க எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு வந்தவர். பார்த்தது டீச்சர் படுத்துக் கிடப்பதை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

தாளாளர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன் அறையில் உட்கார வைத்துச் சொன்னார்: "பிள்ளைங்களுக்கு நல்லா காது பழக்கியிருக்கீங்க. வேலை நிரந்தரம்தானுங்க. ஆனா இனிமே எல்கேஜி எடுத்துக்கோங்க. மத்தியானம் அவங்களைத் தூங்க வெக்கணும். உங்களுக்கு அது நல்லா வருது."

இன்றைக்கும் நான் போனில் ஆங்கிலம் பேசத் தொடங்கினால் போதும், வீட்டுக்காரர் மகளைத் தட்டி எழுப்புவார்.

"கண்ணு, நிமிந்து உக்காரு. உங்கம்மா இங்கிலீஷ் பேசறா. இனி இந்த ஊட்டுல ஒண்ணும் தூங்காது."