கண்டி ஸ்டேஷனில் வாய் திறக்காதவன்

கண்டி,
1984 ஆவணி.

கோத்தகிரியில் இருக்கும் அன்புத் தங்கச்சி அங்கம்மாவுக்கு அண்ணன் மூக்கையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் கோழிகளும் சுகம். அங்கே நீயும் மச்சான் காளிமுத்துவும் நல்லபடி இருக்க கதிர்காமத்தான் பார்த்துக்கொள்வான்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ இந்தியாவுக்குக் கோச்சி ஏறின சமயத்தில் உன் அண்ணி என் வாயைத் துவாயால் கட்டித்தான் தூங்கவிட்டாள். நான் தூக்கத்திலும் பேசுகிறேனாம். "கல்யாணம் பண்ணின நாள்லேர்ந்து நெனச்சேன், இப்ப டொக்டரே சொல்லிட்டாரு" என்று அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

விசயம் என்னவென்றால், மார்க்கட்டில் மரக்கறி விற்க, கோவா, கரட் என்று கத்திக் கத்தி என் தொண்டை கிழிந்த தகரம் மாதிரி ஆகிவிட்டது உனக்குத் தெரியும்தானே. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே தம்பிராஜா என்று ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர், என்னை மாதிரித் தொண்டை கெட்ட ஆட்களை எல்லாம் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறார். நாக்கை இழுத்துப் பிடித்து, குட்டிக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். உள்ளே காய்ப்பு மாதிரி இருக்கிறதாம். பாதிப் பேர் ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, மற்றப் பாதி எப்போதும் போலப் பேசலாம், யாருக்குக் குணமாகிறது என்று பார்ப்பார்கள். யார் எந்தப் பக்கம் என்பதற்குச் சீட்டு எடுக்க வேண்டும். எனக்குப் பேசாத பக்கம். விதி, யாரைக் குறை சொல்ல?

"ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, விளங்குதோ? கதைச்சீங்களெண்டா என்ர ஆராய்ச்சி முழுக்கப் பழுதாப் போயிடும்" என்றார். தலையாட்டினேன். அன்றிலிருந்து ஊமை. ஒன்று மட்டும் நல்லதாக இருந்தது. போன வருசக் கலவரத்துக்குப் பிறகு ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்துக் கேள்வி கேட்கிறார்களே, அங்கே வாயைத் திறந்தால்தானே நான் தமிழன் என்று தெரியும்? தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், போகச் சொல்லிவிட்டார்கள். ஊமைக்கு எந்தச் சாதிசனமும் இல்லை போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து உனக்குப் பயணநாள் வந்தது. "இந்தியாவுக்குப் போறதுன்னா என் மொகத்துல முழிக்காதே" என்று முன்னே ஒருநாள் நான் சொன்னது உன் மனதில் இருந்திருக்கிறது. பாவி, அது நான் எப்போதும் பண்ணுகிற நக்கல்தானே! ஸ்டேஷனில் ஊரே அழுகிறது. விளக்கிச் சொல்ல வேண்டிய உன் அண்ணி கூட்டத்தில் எங்கோ மாட்டிக்கொண்டாள். நீ ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒரே ஒரு வார்த்த பேசுங்கண்ணே, கோவமா?" என்றாய். நான் இல்லை என்று தலையாட்டினேன். தொண்டையைக் காட்டினேன். பேச முடியாது என்று சொல்ல, கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்தேன். மச்சான் உடனே உன்னை உள்ளே இழுத்தார். "வா அங்கம்மா, ஒன் அண்ணன் கழுத்த அறுப்பேங்கிறாரு!" கோச்சி நகர்ந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு பிளாட்பாரம் முடிகிற வரை ஓடினேன்.

இப்போது மச்சான் எழுதியிருக்கிறார், அண்ணன் கடைசிவரைக்கும் பேசவில்லையே என்று நீ சோறு தின்னாமல் அழுகிறாயாம். தாயி, கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. உன்னைச் சீண்டுவதற்கென்றே பிறந்த வாய் இது. உனக்கு வேண்டிய அன்றைக்கு மூடிக்கொண்டது. "போயிட்டு வா" என்ற இரண்டு சொல்லுக்கு எந்த ஆராய்ச்சி கெட்டுப் போயிருக்கும்? கெட்டால்தான் என்ன? ராத்திரியில் இதை நினைத்தால் துவாய் இல்லாமலே வாய் அடைத்துப்போகிறது.

சோறு தின்னு. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள். உன் வயிற்றில் இருக்கிறது ஆணோ பெண்ணோ, மாமன் குரல் நல்லாத்தான் இருந்தது என்று சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அண்ணன்
மூக்கையா

பி.கு.: விதி என்று மேலே எழுதினது முழு உண்மை இல்லை. சீட்டில் எனக்கு விழுந்தது பேசுகிற பக்கம்தான். திகனயில் துணிக்கடை வைத்திருக்கும் ஜமால்தீனுக்குப் பேசாத பக்கம் விழுந்தது. "மூக்கையாண்ணே, பெருநா யாவாரம் வருது, வாய மூடினா கடையயும் மூட வேண்டியதுதான்" என்று மனுசன் கண்ணைக் கசக்கினான். தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தருக்கு முடியாவிட்டால் அடுத்தவர் அவர் பேரில் வேலைக்கு நிற்போமே, அது மாதிரி நினைத்து மாற்றிக்கொண்டோம். இப்போது அவன் தொண்டை சுகம். என்னுடையது அதே தகரம். நேற்று டொக்டர் ஐயாவுக்கு விசயம் தெரிந்து, இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து வெட்டிவிட்டார். ஆகவே நான் பேசாமல் இருந்தது எந்தக் கணக்கிலும் சேராது. நீ தாராளமாகக் கோபப்படலாம்.

எங்களைத் திட்டினதில் ஐயாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இந்தக் கிழமை முழுக்கக் கிளினிக் இல்லை.